ஒருமுறை செருகிய பென்டிரைவ்

இது கணினி சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் தோழி சொன்னது. நான் நேரில் பார்க்கவில்லை.

ஒரு கணினி இறந்துபோனது. அதன் அமைப்புகளெல்லாம் பதிந்திருந்த கோப்பை மட்டும் காப்பாற்றி வேறொரு கணினியில் வைத்தார்கள். யாருடையதென்று தெரியாமல் குப்பைக்குப் போகவிருந்த பென்டிரைவ், “நான் அந்தக் கணினி இருந்த வீட்டைச் சேர்ந்தவன்” என்றது.

“ஒரே ஒரு தடவை செருகின உன்னை அது ஞாபகம் வெச்சிருக்குமாக்கும்!” என்று மவுஸ் சிரித்தது.

கறுப்புத் திரையில் கோப்புகளைப் படித்துச் சொல்லும் கட்டளை, “இரு தம்பி, படிச்சுப் பார்க்கிறேன்” என்று கோப்புக்குள் இறங்கியது. உள்ளே, அந்தக் கணினியில் எப்போதோ செருகியவற்றின் பெயர்கள் முடிவே இல்லாமல். திரும்பி வந்தபோது அதன் குரல் தாழ்ந்திருந்தது.

“தம்பி, உன் பெயர் இருக்கு. உனக்கே உரிய வரிசை எண்கூட இருக்கு.”

பென்டிரைவ் வீட்டுக்குப் போனது.

பிறகு என் கணினியிலும் தேடினேன். கல்லூரியில் யாரோ ஒருமுறை செருகிய பென்டிரைவின் பெயர், எண்ணோடு அங்கே இருந்தது.