காசு போகவில்லை

றொபி படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டு ஏழு மாதமாகியும் ஒரு சேதியும் இல்லை. அன்று காலை, ஆலங்குடாக் கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அவனுடைய மனைவி யூஜினிக்கு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் கையெல்லாம் உப்பு. மாமியார் பிரான்சிஸ்காதான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"மிஸ், உங்கட மிஸ்டர்ட கார்டை நேத்து இந்தோனேசியாவில ஒரு ஏ.டி.எம் மெஷின்ல போட்டிருக்கு. அவர் அங்கயா இருக்கிறார்?"

"என்ட பிள்ளை கரை சேர்ந்திட்டான்!" பிரான்சிஸ்கா கூவினாள். "தலவிலக் கோயில் அன்னம்மாவுக்கு வச்ச நேர்த்தி வீண்போகல்ல!"

சின்னவள் மதுசா, "அப்பா! அப்பா!" என்று மணலில் குதித்தாள்.

யூஜினி மட்டும் போனருகே குனிந்தாள். "காசு எடுத்தாரா?"

"இல்ல மிஸ். மூணு தரம் பின் நம்பரைப் பிழையா அடிச்சதால மெஷின் கார்டை விழுங்கிட்டு."

"மூணு தரமுமா?"

"ஓம் மிஸ். பயப்படாதீங்க, ஒரு சதமும் போகல்ல."

யூஜினி அப்படியே மணலில் குந்தி, உப்புக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"காசுதான் போகல்லையே! நல்ல சேதி வந்த நேரத்தில ஏன் அழுறாய்?" மாமியார் சீறினாள்.

"போயிருக்கணும் மாமி," என்றாள் யூஜினி. "அந்த நம்பர் எங்கட மதுசா பிறந்த தேதி."