நாருக்குக் குறுக்கே

கத்தி இறைச்சியில் இறங்கவில்லை. மேலே நின்று நடுங்கியது.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

விருந்துக்கு வந்திருந்த அவர் மட்டும் கத்தியைப் பார்த்தார்.

மகளைக் கட்டப்போகிறவனின் வீடு. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முதல் தடவையாக அழைத்திருந்தார்கள். மனைவி வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லச் சொல்லியிருந்தாள். மாட்டிறைச்சி வைத்த மேசையில் அவளால் உட்கார முடியாது. அதை இங்கே எப்படிச் சொல்வது?

மேசை நடுவில் பெரிய ரோஸ்ட் பீஃப். பக்கத்தில் மொறுமொறுத்த உருளைக்கிழங்கு, உப்பி எழுந்த யார்க்‌ஷயர் புடிங், ஒரு குவளையில் கிரேவி. அவருக்கென்று தனியாக, இறைச்சி இல்லாமல், மாவுக்குள் காளான் வைத்துச் சுட்ட ஒரு பை.

இறைச்சியை அரிந்து பரிமாறுவது அந்த வீட்டில் பையனின் அப்பா கிரகாமின் வேலை. கலியாணமான நாளிலிருந்து அவர்தான். இரண்டு வருடமாகக் கைநடுக்கம்.

கிரகாம் மறுபடியும் கத்தியை வைத்தார். இறைச்சி நகர்ந்தது. கந்தல்போல ஒரு துண்டு கிழிந்து விழுந்தது. வெள்ளை விரிப்பில் சாறு தெறித்தது.

"நான் வெட்டட்டுமா, அப்பா?" என்றான் மகன்.

கிரகாம் கத்தியை இறுக்கிப் பிடித்தார். கழுத்து சிவந்தது.

மேசையின் இந்தப் பக்கம் அவருக்குக் கை குறுகுறுத்தது.

வைத்த விதமே பிழை. இறைச்சியின் நார் ஓடுகிற பக்கமாகவே வெட்டிக்கொண்டிருக்கிறார். நடுங்காத கைக்கும் அது கிழியத்தான் செய்யும். கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும்.

ஈஸ்ட்ஹாமில் ஓர் இறைச்சிக்கடையில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. சனிக்கிழமைகளில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். வெட்டியதில் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் நேரே குளியலறை. பிறகுதான் சாமிப்படம் இருக்கிற பக்கம்.

அது இவர்களுக்குத் தெரியாது.

காலையில் ரயிலில் மகள் ஆரணி சொன்னாள், யன்னலைப் பார்த்தபடி.

"அப்பா, வேலையைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுமதி எண்டு சொல்லுங்கோ. நான் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

"ஓம்" என்றார்.

யன்னலுக்கு வெளியே வயல்கள் வெகுநேரம் ஓடின.

கத்தி மூன்றாம் முறையும் வழுக்கியது.

அவர் எழுந்தார்.

ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொன்னது அவருக்கு விளங்கியது.

கத்தியை அவர் வாங்கவில்லை. வாங்கினால் அந்த மனிதர் இனி எந்த ஞாயிறும் வெட்டுகிறவரின் கதிரையில் உட்காரமாட்டார்.

பலகையைக் கால்வட்டம் திருப்பினார். பெரிய முள்ளுக்கரண்டியால் இறைச்சியை அசையாமல் பிடித்தார். மற்றக் கையைக் கிரகாமின் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்தார்.

பிடிக்கவில்லை. தாங்கினார்.

கத்தி இறங்கியது.

ஒரு துண்டு மெல்லச் சாய்ந்தது. ஓரம் கருமை, நடுவே இளஞ்சிவப்பு. அதன்மேல் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

யாரோ மூச்சு விட்டார்கள்.

கிரகாம் துண்டுகளைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். பெருவிரலின் குறுக்கே பழைய தழும்பு ஒன்று.

"இது ஏற்றுமதி செய்கிறவரின் கை இல்லை" என்றார், மெதுவாக.

ஆரணி தலை குனிந்தாள்.

"இல்லை" என்றார் அவர், தன் ஆங்கிலத்தில். "இறைச்சிக்கடை. வெட்டுகிற வேலை."

கிரகாம் முதலில் கிழித்த துண்டைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இவ்வளவு காலமும் நான் பிழையாகத்தான் வெட்டியிருக்கிறேன்."

கிரகாமின் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு கைகளும் சேர்ந்தே அரிந்தன. முதலில் கிரகாமின் மனைவிக்கு. பிறகு மகனுக்கு.

கதிரை ஒன்று பின்னால் நகரும் சத்தம்.

ஆரணி தன் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

அவள் மாட்டிறைச்சி சாப்பிடுவாள் என்பது அவருக்குத் தெரியாது.

"எனக்கும் வையுங்கோ, அப்பா."

தமிழில்தான் சொன்னாள். எல்லாருக்கும் முன்னால்.

அவர் அந்த வெறும் தட்டைப் பார்த்தார். வீட்டில் முழங்கால் வலியைச் சாட்டி இருக்கிற மனைவியை ஒரு கணம் நினைத்தார்.

பிறகு, கடையில் எவரிடமும் கேட்பதுபோலவே கேட்டார்.

"மெல்லிசாவோ, தடிப்பாவோ?"