சாம்பல் வாத்தின் முட்டை

வாத்துப் பண்ணைத் தராசுக்குத் தன் முள்ளின் மேல் அபார நம்பிக்கை. எந்த வாத்து சின்ன முட்டை இடும் சோடை என்று கண்டுபிடிக்கும் வேலை அதனிடம் வந்தது.

ஒவ்வொரு வாத்தின் முட்டையையும் மற்ற எல்லா வாத்துகளின் முட்டைகளோடும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தது. முள் பெரிதாக அசையவில்லை. விடுவேனா என்று இன்னும் இன்னும் ஜோடி போட்டது. கடைசியில் ஒரு ஜோடியில் முள் நன்றாகச் சாய்ந்தது. மேலே எழும்பிய தட்டில் இருந்தது சாம்பல் வாத்தின் முட்டை.

"இதுதான் சோடை!" என்று கத்தியது தராசு.

"முந்தாநாள் பெரிசா இட்டேனே," என்றது சாம்பல் வாத்து. யாரும் காதில் வாங்கவில்லை. அதைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்கு விற்கக் கொண்டுபோனார்கள்.

மறுநாள், வேலையில்லாமல் கிடந்த எடைக்கல் கேட்டது: "அந்தக் கடைசி ஜோடியில ஜெயிச்ச வாத்தோட ரெண்டு முட்டையை எதிரெதிரா வச்சுப் பாத்தியா?"

"ஒரே வாத்துதானே, எதுக்கு?" என்றது தராசு. இருந்தாலும் அந்த வாத்தின் நேற்றைய முட்டையை ஒரு தட்டிலும் இன்றைய முட்டையை மறு தட்டிலும் வாங்கிக்கொண்டது.

முள் நேற்றுச் சாய்ந்த அதே அளவுக்குச் சாய்ந்தது.

தராசு மெல்லக் கேட்டது: "சந்தை எப்ப முடியும்?"

"நேத்தே முடிஞ்சிடுச்சு," என்றது எடைக்கல்.