சத்தம் குறைத்த டிவி

இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் இந்த மனுஷன். என்ன வேண்டுமானாலும் பேசட்டும். எழுந்து மட்டும் போய்விடக் கூடாது.

இப்படி நினைத்துக்கொண்டே அறிவுச்செல்வி முறுக்குத் தட்டைப் பெரியசாமியின் முன்னால் வைத்தாள். அவர் அவள் கணவனின் அண்ணன். பக்கத்தில் அவர் மனைவி சின்னாயி. எதிர்ச்சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு புது டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாள்.

"ராசப்பன் எங்க அம்மிணி?"

"காட்டுக்குப் போயிருக்காருங்க மாமா."

"அங்க அவனுக்கு என்ன வேல? புல்லுகூட மொளைக்கறதில்ல." முறுக்கை ஒடித்தார். "சுத்தி வளைச்சுப் பேசல. திங்கக்கெழம சேந்தமங்கலம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து காட்ட எனக்கு எழுதிக் குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டுரு. காடு உன்ற பேர்ல இருக்கறதால உன்னக் கேக்கறன். தம்பி பேர்ல இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அது உண்மை. அண்ணனுக்கு எதிரே நிமிர்ந்து பேச ராசப்பனுக்கு வராது. அவளுக்கும் வந்ததில்லை. கழுத்துத் தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்று வாங்கிய காடு. அதிலிருந்த போர்வெல் வற்றிய பிறகு அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டியே பழகிவிட்டாள்.

சின்னாயி டிவியைப் பார்த்தபடி சொன்னாள். "தண்ணியில்லாத ஊட்டுக்கு இத்தாப்பெரிய டிவி. சினிமாக் கொட்டாயாட்ட இருக்குது."

"இன்டர்நெட்டெல்லாம் வருமுங்கக்கா."

"வரட்டும், வரட்டும். நெட்டுல தண்ணியும் வந்தா ஒரு கொடம் எனக்குப் புடிச்சு வையி."

இருவரும் சிரித்தார்கள். அறிவுச்செல்வியும் சிரித்துவைத்தாள்.

கோழிப்பண்ணைச் சம்பளத்தில் தவணை கட்டி அவள் இதை வாங்கியபோது தெருவே சிரித்தது. மதியம் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சீரியல் பார்க்கிறாள் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. போனில் கடுகளவாகத் தெரிந்தது இதில் கை அகலத்துக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் இவ்வளவு பெரிதாக வாங்கினாள் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

திரையில் ஈரப்பாறை ஒன்று மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருந்தது.

"இது கொல்லிமலை அருவிப் பக்கமா?" என்றாள் சின்னாயி.

"இல்லீங்கக்கா. இன்னும் கிட்ட."

"டிவிய உடுங்க ரண்டு பேரும்." பெரியசாமிக்குக் குரல் ஏறியது. "அம்மிணி, அன்னைக்கு நானேதான போருக்குள்ள கயித்துல கல்லக் கட்டி உட்டுப் பாத்தன்? டொக்குனு பாறை தட்டுச்சா இல்லியா? சொட்டுத் தண்ணி இருந்துச்சா?"

"தட்டுச்சுங்க மாமா. நானும் கேட்டேன்."

அந்தச் சத்தம் அன்றிலிருந்து அவளுக்குள்ளேயே கிடந்தது. பாத்திரம் கழுவும்போது கேட்கும். அட்டையில் முட்டை அடுக்கும்போது கேட்கும். எல்லாம் முடிந்தது என்று சொல்கிற சத்தம். ஒரு சத்தத்தை நம்பி ஒரு காட்டை விட்டுக்கொடுப்பதா என்று கேட்கும் தைரியம், இந்த டிவி வருவதற்கு முன்பு அவளிடம் இருந்ததில்லை.

"பக்கத்துக் காட்டுக்காரன்னுதான் நான் கேக்கறன். வேற எவன் இதக் கையில தொடுவான்? பேசறப்ப அதை நிறுத்து அம்மிணி."

"கொஞ்சம் இருங்க மாமா. இப்பத்தான் முக்கியமான கட்டம்."

"பாறையில என்ன கட்டம்?"

"புதையல் எடுக்கற கதையாட்ட இருக்குதுங்க," என்றாள் சின்னாயி. "பாம்பு வரும், பாருங்க."

பாம்பு வரவில்லை. ஒரு கல் வந்தது. கறுப்பாக, திரையை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. படம் அதற்கு மேல் நகரவில்லை. இவ்வளவுதானா? அந்த டொக் சத்தம் அறிவுச்செல்விக்கு மறுபடி கேட்டது.

பெரியசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, கெளம்பறம். திங்கக்கெழம வண்டி அனுப்பறன். ஏறி வந்துரு."

"டீ வச்சிருக்கேனுங்க மாமா. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

உள்ளே போய் எடுத்துவந்தாள். டம்ளரை நீட்டும்போது கண் திரையிலேயே இருந்தது. படம் லேசாக ஆடியது. ஒரு பக்கமாகத் திரும்பி, கல்லுக்கும் பாறைக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தது. ஒரு நிமிடம் இருட்டு. பிறகு வெளிச்சம் விரிய, திரை முழுவதும் தண்ணீர். அசையாமல், தெளிவாக, கண்ணாடி மாதிரி. பாறை இடுக்கிலிருந்து ஒரு கசிவு அதில் இறங்கி வட்டம் வட்டமாக விரிந்தது.

"அடேயப்பா," என்றாள் சின்னாயி.

பெரியசாமிகூட ஒரு நிமிடம் பார்த்தார். "வெளிநாடா இருக்கும். நம்ம பக்கம் ஏது இத்தன தண்ணி?"

அறிவுச்செல்வி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அறிவு, தெரியுதா?" டிவிக்குள்ளிருந்து கேட்டது ராசப்பனின் குரல். "நீ டிவியில தெனம் பாத்தயே, அதே மாதிரி கேமரா அடிவரைக்கும் போயிருச்சு. நம்ம போருக்கு நடுவுல ஒரு கல்லு சிக்கியிருக்குது, அவ்வளவுதான். அதுக்குக் கீழ தண்ணி அப்படியே நிக்குது."

பெரியசாமி வாசலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். "அப்ப... திங்கக்கெழம... அம்மிணி?"

"வரலீங்க மாமா," என்றாள் மெதுவாக. "டீ ஆறுது, குடிங்க."