தொடை எலும்புக்கு ஒரு பொட்டு

சொல்லிவிட்டுத்தான் போனேன். மைக்ராஸ்கோப்புக்கு வையுங்கள், கம்ப்யூட்டருக்கு வையுங்கள், குழாய்க்குக்கூட வைத்துக்கொள்ளுங்கள், அந்த எலும்பை மட்டும் தொடாதீர்கள் என்று.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை தரமணிக்கு வந்தால், வாசலில் உடைத்த பூசணிக்காயை யாரும் அள்ளவில்லை. அதில் வழுக்கி விழப்பார்த்து, வாழைக்கன்றை ஒதுக்கிக்கொண்டு லேபைத் திறக்கிறேன். மேசை மேல் என் டைனோசர் பட்டையாகச் சந்தனம் பூசிக்கொண்டு, நடுவில் ரூபாய்க்காசு அளவு குங்குமத்தோடு படுத்திருக்கிறது. பக்கத்தில் பொரி. பொரியைச் சுற்றி எறும்பு.

"இன்னா மேடம், எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம உட்டா, பாக்க நல்லாவா கீது?" என்கிறார் லேப் உதவியாளர் செம்பியன், ஏதோ நான்தான் தப்பு செய்துவிட்டதுபோல.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் குருபிரசாத் தன் குழுவோடு வந்துவிடுவார். அவர்கள் பார்த்துச் சரி என்றால், அரியலூர்ப் பக்கம் ஓடைக்கரையில் நான் கண்டெடுத்த இந்தத் தொடை எலும்பு புதிய டைனோசர் இனமாகப் பதிவாகும். ஓரத்தில் துளி வெட்டிச் சோதித்துவிடலாமே என்று ஆரம்பத்திலிருந்தே நச்சரித்தவர் அவர். முடியவே முடியாது என்று நின்றவள் நான். பெற்ற பிள்ளையின் காலை யாராவது வெட்டக் கொடுப்பார்களா?

எனக்கு இவளைத் தெரியும். ஆமாம், இவள்தான். ஒரு யானைக் கூட்டத்தையே தூக்கி வைத்தாலும் ஈடாகாத உடம்பு. மெல்லக்கூட நேரமில்லாமல் நாள் முழுக்கத் தழையை உருவி விழுங்கிக்கொண்டே இருந்தவள். முட்டையிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் போனவள்.

எலும்பின் நடுவே ஒரு புடைப்பு இருக்கிறது. குட்டியாக இருந்தபோது கால் முறிந்து, தானாகவே கூடிய இடம். அந்தக் காலை இழுத்து இழுத்தே கூட்டத்தோடு நடந்து, கிழவியாகித்தான் செத்தாள். கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். நானும்தான்.

சரியாக அந்தப் புடைப்பில் பொட்டை வைத்திருக்கிறார் செம்பியன். நெற்றி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஈரத்துணியை எடுத்துத் தேய்த்தேன். சந்தனம் போனது. குங்குமம் போவேனா என்றது. வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்தபடி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சிவப்பு கரைந்து சுற்றிலும் பரவியது. மேலாக இருந்தது வழிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிட்டது.

என் கை நின்றது.

புடைப்பைச் சுற்றி வளையம். வளையத்துக்குள் வளையம். நெளிந்து நெருங்கி, ஒரு கண் போல. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசற்கதவில் இதே கண் இருக்கிறது. சின்ன வயதில் அதன்மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன்.

கால் முறிந்து கூடிய இடம் இல்லை. கிளை முறிந்து மூடிய கணு.

மரம். கல்லாகிப்போன மரம். அவள் தின்றிருந்தாலும் தின்றிருப்பாள்.

அந்த நொண்டிக் கால், அந்தக் கூட்டம், அந்தக் கிழவி, எதுவுமே இருந்ததில்லை. நான்தான் அழுதிருக்கிறேன்.

செம்பியன் சோப்புத் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். "குடுங்க மேடம், நானே சுத்தமா கழுவிடறேன். அவங்க லிஃப்ட்ல ஏறிக்கினு கீறாங்க."

கழுவினால் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது.

வாளியை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினேன். மீதி வளையங்களும் தெரியும்படி தேய்க்க இன்னும் கொஞ்சம் குங்குமம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன்.