அறைச் சூடு

மூன்று நாளாகத் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. ஹீட்டரைப் பழுது பார்க்க வந்த செபஸ்டினிடம் தமயந்தி ஒரு மூடிய கதவைக் காட்டினாள். வேறு இடமில்லாமல் மகளின் அறையில்தான் ஹீட்டரை நிறுத்தியிருந்தார்கள். மகள் இறந்த அன்று சாத்திய கதவை எட்டு மாதமாக யாரும் திறக்கவில்லை.

திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. நாற்காலியில் கிடந்த துப்பட்டா ஜில்லிட்டிருந்தது. மிஷினின் பின்புறம் பனி படிந்திருந்தது.

"மிஷின்ல கோளாறு இல்லக்கா. இது கரண்டுல நேரா காய்ச்சாது. ரூம்ல இருக்கிற சூட்டை எடுத்துத்தான் தண்ணியில விடும். நீங்க கதவைச் சாத்தி வச்சுட்டீங்க. இருந்த சூட்டையெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா இழுத்துருச்சு, இனிமே இழுக்க ஒண்ணுமில்ல. ஜன்னலைத் திறந்துவிட்டா சரியாயிரும்."

அவன் ஜன்னல் கொக்கியை நீக்கப் போனான்.

"தொடாதீங்க தம்பி."

எட்டு மாதமாக, தினமும் இரண்டு வாளி, மகள் விட்டுப்போன சூட்டில் குளித்திருக்கிறாள் தமயந்தி. தலைக்கு வேறு ஊற்றியிருக்கிறாள்.

தமயந்தி குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தாள். வெதுவெதுப்பு தீரும்வரை வாளியில் பிடித்தாள். சிந்தாமல் தூக்கிவந்து மகளின் கட்டிலருகே வைத்தாள். அந்தக் குளிரில் தண்ணீரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.

"கொஞ்சம் வெளிய இருங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.