பின்பக்கம் சுற்றிய சக்கரம்

தங்கப்பழம் ஆசையாகச் செய்த எண்ணெய் எஞ்சின் உள்ளங்கை அளவுதான். அதன் இரும்புக் குமிழைச் சூடாக்கினால்தான் அது கிளம்பும். அந்த வேலை, தீயைப் பீய்ச்சும் ஊதுவிளக்குக்கு. அன்றும் விளக்கு பதினொரு நிமிஷம் விடாமல் எரிந்து, குமிழைச் சிவக்க வைத்தது. தங்கப்பழம் விளக்கை அணைக்காமல் ஓரமாக நகர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுண்டினார். எஞ்சின் குபுகுபுவென்று புறப்பட்டது. பார்க்க வந்த ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

விளக்கு பதறியது.

"அடேய் சக்கரம், நீ பின்பக்கமாகச் சுற்றுகிறாய்! எஞ்சினைக் குளிர வைக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய பம்பு, இருக்கிற தண்ணீரையும் வெளியே கொட்டுகிறது பார்!"

"கைதட்டுவது காதில் விழவில்லையா அண்ணே? எந்தப் பக்கம் சுற்றினால் என்ன?" என்றது சக்கரம்.

"எனக்கும் இதுதான் சுலபமாக இருக்கிறது அண்ணே. ஏற்றுவதைவிடக் கொட்டுவது லேசு" என்றது பம்பு.

"இந்தக் கூத்துக்கா நான் வெந்து செத்தேன்? எஞ்சின் இறுகிப்போகுமடா, நிறுத்து!"

தொட்டி வற்றியது. எஞ்சின் கிறீச்சென்று இறுகி நின்றது. கைதட்டலும் நின்றது.

"என்ன ஆச்சு?" என்று தங்கப்பழம் குனிந்தார்.

சக்கரம் முந்திக்கொண்டது. "விளக்கு அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டது ஐயா."

"ஆமாம் ஐயா" என்றது பம்பு.

விளக்கு சீறிக்கொண்டு வாய் திறப்பதற்குள், தங்கப்பழம் அதன் திருகை இறுக்கி மூடி அணைத்துவிட்டார்.